நூறு இறாத்தல் கூட

வண்டி இழுக்கும் என்பது வேறு, இழுக்கலாம் என்பது வேறு. தொண்ணூறுகளின் நடுவில் ஒரு கோடைகாலம் முழுவதும் எங்கள் வீட்டில் நடந்த சண்டை இந்த இரண்டு சொல்லுக்கும் இடையில்தான்.

என் மனைவிக்கு ஒரு ட்ரெயிலர் வேண்டும். எங்கள் பிக்கப் வண்டியின் பின்னால் கொழுவி இழுத்துப் போகிற சின்ன வீடு. உள்ளே ஒரு கட்டில், இரவில் கட்டிலாக மாறும் ஒரு மேசை, இரண்டு அடுப்பு, பாத்திரம் கழுவ ஒரு தொட்டி. ஒஷாவாப் பக்கம் ஒரு தொழிற்சாலையில் கார் இருக்கைகளுக்குப் பஞ்சு அடைக்கும் வேலை எனக்கு. சில நாட்களில் பிக்கப் தனக்கு வேண்டும் என்பதற்காக அவளே என்னைக் கொண்டுபோய் இறக்கிவிடுவாள். அப்படிப் போன வழியில்தான் ஒரு விற்பனை வளவில் அதைக் கண்டாள். கண்ட நாளிலிருந்து வேறு பேச்சில்லை.

மற்றவர்களுக்கு அது விடுமுறைக்குப் போகிற சாமான். அவளோ ஊரில் யுத்தத்துக்குப் பயந்து வீடு வீடாக விட்டுவிட்டு ஓடிவந்தவள். இந்த நாட்டுக்கு வந்து சென் ஜேம்ஸ் ரவுணில் பதினாறாம் மாடியில் இருந்தபோதுகூடக் கதவடியில் ஒரு பை கட்டி வைத்திருந்தாள். அஜின்கோர்ட் வீட்டுக்கு வந்த பிறகுதான் அதை அவிழ்த்தாள்.

“ஒவ்வொருமுறையும் வீட்டை விட்டிட்டெல்லோ ஓடினனாங்கள். இனி ஓடுறதெண்டால் வீட்டையும் கொழுவிக்கொண்டு ஓடுவம்” என்றாள்.

இங்கே உம்மை யார் துரத்தப் போகிறார்கள் என்று கேட்டுச் சிரித்தேன். அவள் சிரிக்கவில்லை.

அவளுடைய தம்பி பிக்கப்பை ஒருமுறை சுற்றி வந்து டயரை உதைத்துப் பார்த்தான். டயரை உதைத்து அவன் கண்டுபிடிக்காத விஷயம் உலகத்தில் இல்லை. “உது இழுக்கும் அத்தான். ஆனையைக் கட்டினாலும் இழுக்கும்” என்று தீர்ப்புச் சொன்னான்.

மகளையும் கூட்டிக்கொண்டு பார்க்கப் போனபோது, வளவில் விற்பனைக்கு இருந்த கிழவர் அப்படிச் சொல்லவில்லை. அவர் ஒரு வெள்ளைக்காரர், நிதானமாகப் பேசுகிறவர். இழுப்பது பெரிய காரியமே இல்லை, நிற்பாட்டுவதுதான் காரியம் என்றார். ட்ரெயிலரில் எழுதியிருப்பது வெறும் வீட்டின் எடை. தண்ணீர், காஸ் சிலிண்டர், சாப்பாடு, உடுப்பு எல்லாவற்றையும் அதன் மேல் கூட்ட வேண்டும். ட்ரெயிலரின் மூக்கு பிக்கப்பின் முதுகில்தான் குந்தியிருக்கும், ஆகவே அதன் பாரத்தில் ஒரு பங்கைப் பிக்கப்பே சுமக்கிறது. கடைசியாக, பிக்கப்புக்குள் இருக்கும் ஆட்களும் பாரம்தான். முன்கதவைத் திறந்து, நிலையில் ஒட்டியிருந்த தகட்டைக் காட்டினார். பிக்கப் எல்லாமாக எவ்வளவு தாங்கும் என்று அதில் இருந்தது. அதற்கு மேல் போனால் பின்பக்கம் பதியும், முன்சில்லு நிலத்தைச் சரியாகப் பிடிக்காது, பிரேக் அடித்தால் ட்ரெயிலர் எங்களைத் தள்ளிக்கொண்டு போகும்.

ஆட்களின் எடையைக் கேட்டார். நான் என்னுடையதையும் மகளுடையதையும் சொன்னேன். மனைவி என் காதோடு, “என்ரையில ஒரு பத்தைக் குறைச்சுச் சொல்லுங்கோ” என்றாள். குறைத்தே சொன்னேன். பிறகு சாமான்கள். அரிசி மூட்டை, மாப் பை, புட்டுப் பானை, தேங்காய் திருவலை. எத்தனை மாதத்துக்குப் போகிறீர்கள் என்று கிழவர் கேட்டார். மூன்று நாள் என்றேன்.

கூட்டிப் பார்த்தால் தகட்டில் இருந்ததைவிட நூறு இறாத்தலுக்குக் கொஞ்சம் மேலே கூடிவிட்டது. பவுண்ட் என்று கிழவர் சொல்வதைத்தான் ஊரில் இறாத்தல் என்போம், எங்களுக்கு இறாத்தல் என்றால் பேக்கரிப் பாண். கடையில் ஒரு இறாத்தல் பாண் கேட்டு வளர்ந்த ஆட்கள். “நூறு இறாத்தல் பாண் ஒரு பாரமே? அதைக் காத்தல்லோ அடிச்சுக்கொண்டு போகும்” என்றாள் மனைவி. தண்ணீர்த் தாங்கியை வெறுமையாகக் கொண்டுபோகலாம் என்றார் கிழவர். தண்ணீர் இல்லாமல் அது என்ன வீடு என்று அவள் மறுத்துவிட்டாள். அரிசி மூட்டையை இறக்கலாம் என்றேன். அதற்கும் மாட்டாள்.

கடைசியில் பிக்கப்பில் ஏறும்போது சொன்னாள்: “அப்ப நீங்களும் பிள்ளையும் வீட்டைக் கொண்டு போங்கோ. நான் பின்னால பஸ்ஸில வாறன்.”

மகள் விழுந்து விழுந்து சிரித்தாள். மூன்று பேரும் வெறுங்கையோடு திரும்பினோம். அடுத்த வருடம் பெரிய பிக்கப்பாகப் பார்ப்போம் என்று நான் சொன்னேன்.

அந்த மாரியில் அவள் இறந்துபோனாள். வேலை இடத்தில் தலை இடிக்கிறது என்று இருந்தவள் எழும்பவில்லை. மூளையில் இரத்தம் கசிந்ததாம்.

சனம் வந்தது. சாப்பாடு கொண்டுவந்தது. நான் சாப்பிட்டேன். ருசி தெரிந்தது. அதுதான் எனக்கு விளங்கவில்லை, ருசி தெரியாமல் போகும் என்று நினைத்திருந்தேன். வேலைக்குப் போனேன், பஞ்சு அடைத்தேன், வந்தேன். அழுகை வரவில்லை. கல்நெஞ்சுக்காரன் என்று யாராவது சொல்லியிருந்தால் நானும் ஓம் என்றுதான் சொல்லியிருப்பேன்.

பனி கரைந்த பிறகு தம்பி வந்தான். “அத்தான், பிள்ளையை எங்கையாவது கூட்டிக்கொண்டு போங்கோ. அக்கா பாத்த சாமான் இன்னும் நிக்குது. ரோட்டால போகேக்க கண்டனான்” என்றான். இந்தமுறை அவன் டயரை உதைக்கவில்லை. அடுத்த சனிக்கிழமை மகளை ஏற்றிக்கொண்டு போனேன்.

கிழவருக்கு எங்களை நினைவில்லை. முதலிலிருந்து எல்லாவற்றையும் சொன்னார். நான் கேட்டுக்கொண்டு நின்றேன். எத்தனை பேர் என்றார்.

“மூன்று” என்றேன்.

பொய் சொல்ல நினைக்கவில்லை. அந்தக் கேள்விக்கு என் வாய்க்கு அந்த ஒரு பதில்தான் தெரியும். என் எடையைச் சொன்னேன், மகளின் எடையைச் சொன்னேன், பிறகு அவளுடையதையும் சொன்னேன். இந்தமுறை பத்தைக் குறைக்கவில்லை. அரிசி மூட்டை, மாப் பை, புட்டுப் பானை என்று பழைய பாட்டையே பாடினேன். கிழவர் கூட்டிப் பார்த்துத் தலையாட்டினார். கூடிவிட்டது, இந்தப் பிக்கப் தாங்காது என்றார்.

எனக்கு நிம்மதியாக இருந்தது. இத்தனை நாளில் எனக்கு வந்த முதல் உணர்ச்சி அதுதான். கூடிவிட்டது என்றால் நாங்கள் இன்னும் மூன்று பேர். திரும்பிப் போய்விடலாம் என்று சாவியை எடுத்தேன்.

மகள் என் ஜக்கற்றின் கையைப் பிடித்து இழுத்தாள். எப்போதும் என்னோடு ஆங்கிலத்தில் பேசுகிறவள், கிழவருக்கு விளங்கக்கூடாது என்றோ என்னவோ, தமிழில் சொன்னாள்.

“அப்பா, அம்மா பஸ்ஸில வாறன் எண்டு சொன்னவா.”

கிழவர் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். நான் சாவியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றேன். மகளின் முகத்தைப் பார்த்தேன். அவள் பகிடி விட்டுச் சிரிக்கவில்லை. அழவும் இல்லை. எனக்காகக் காத்துக்கொண்டு நின்றாள்.

“இரண்டு பேர்” என்றேன்.

கிழவர் ஓர் எண்ணை வெட்டிவிட்டுத் திரும்பக் கூட்டினார். முகம் மலர்ந்தது. இப்போது சரி, அளவாக இருக்கிறது, எங்கே நிற்பாட்டினாலும் நிற்கும் என்று கையை நீட்டினார். எனக்குப் பொல்லாத ஆத்திரம் வந்தது. அந்த மனிதர் மேலேயா, பிக்கப் மேலேயா, அவள் இல்லாததால் சரிவந்த அந்தக் கணக்கின் மேலேயா, தெரியவில்லை. கையைக் கொடுத்தேன்.

அதற்கடுத்த சனிக்கிழமை போய்க் கொழுவினோம். கிழவர் சங்கிலியை மாட்டி, பின்விளக்குகளை எரியவைத்துப் பார்த்து அனுப்பினார். முதல்முறை என்பதால் ஹைவேயில் ஏறாமல் உள்வீதியால் வந்தேன். மகள் முன்னால், என் பக்கத்தில், தாயினுடைய இடத்தில் இருந்தாள். பின்னால் பாரம் இருப்பதே தெரியவில்லை.

ஒரு பஸ் தரிப்பிடம் வந்தது. மகள் கண்ணாடிப் பக்கம் திரும்பி அங்கே நின்ற ஆட்களைப் பார்த்தாள். நான் வேகத்தைக் குறைத்தேன். அடுத்த தரிப்பிடத்திலும் அவள் பார்த்தாள், நானும் குறைத்தேன். அஜின்கோர்ட் வரும்வரை இரண்டு பேரும் அப்படியே வந்தோம். ஒரு தரிப்பிடத்திலும் நிற்பாட்ட வேண்டி வரவில்லை.