ஆறு மணிக் காய்ச்சல்

பிள்ளைகளே, நான் பார்க்காத காய்ச்சலைப் பார்த்ததாக எழுதினேன். அதனால் ஒரு மனிதர் செத்துப்போனார். நீங்கள் பழுகாமத்து மாமி என்று கூப்பிடுகிறீர்களே, அந்த நல்லம்மையின் புருஷன் அவர்.

இதை வாயால் சொல்லப் பலதரம் முயன்றேன், முடியவில்லை... எட்டாம் வகுப்போடு படிப்பை விட்டவன் நான். எழுத்தில் பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். மற்றதைப் பொறுக்கச் சொல்லி நான் கேட்கவில்லை.

உலக யுத்தத்துக்கு முன்னால், மூத்தவள் பிறப்பதற்கும் முன்னால், ஆஸ்பத்திரியில் ஆண்கள் வாட்டுக்கு நான் தாதியாக இருந்தேன். வாட்டின் பின்கதவைத் திறந்தால் வாவி. காலை ஆறு மணிக்கும் மாலை ஆறு மணிக்கும் ஒவ்வொரு நோயாளியின் நாக்கின் கீழும் தெர்மாமீற்றரை வைத்துச் சூடு பார்ப்பேன். கட்டில் தலைமாட்டில் தொங்கும் அட்டையில் அந்தச் சூட்டுக்கு ஒரு புள்ளி போட்டுக் கோட்டால் இணைப்பேன். காய்ச்சல் ஏறுவதும் இறங்குவதும் அந்தக் கோட்டில் தெரியும். டொக்டர் ஆளைப் பார்க்க முன்னம் அட்டையைத்தான் பார்ப்பார்.

அந்த மாலை ஆறு மணியை நான் திருடினேன்.

எனக்கு அப்போது ஒரு தோணியும் வீச்சுவலையும் இருந்தன. வெயில் தாழ்ந்து காற்றும் விழுந்தபின் வாவி அசையாமல் கிடக்கும். அந்த நேரத்தில்தான் மணலை மீன், தண்ணீரில் வேர்விட்டு நிற்கும் கண்ணா மரங்களின் அடிக்கு வரும். வாட்டுக்குள் மருந்து நெடி, வெளியே அந்த வெளிச்சம்! ஒருநாள் ஐந்து மணிக்கே, காலைப் புள்ளியைப் பார்த்து அதற்குப் பொருத்தமாக மாலைப் புள்ளியையும் போட்டுவிட்டுத் தோணியில் ஏறினேன். முதலில் சுகமாகி வருகிறவர்களுக்கு மட்டும்தான் அப்படிச் செய்தேன். பிறகு எல்லோருக்கும்... யாரும் கண்டுபிடிக்கவில்லை.

“உம்மட அட்டையெல்லாம் அச்சடிச்ச மாதிரி இருக்கு” என்று டொக்டர் பாராட்டினார். பொய்யான புள்ளி எப்போதும் அழகாகத்தான் விழும்.

ஜன்னலோரக் கட்டிலில் சாமித்தம்பி அண்ணன் கிடந்தார். நெருப்புக் காய்ச்சல், டொக்டர்மார் டைபொயிட் என்பது. மூன்று கிழமையாகப் பாலும் பார்லித் தண்ணியும்தான் அவருக்கு ஆகாரம். அந்த நோயில் குடல் புண்ணாகி மெலிந்திருக்கும். காலையில் சூடு தணிந்திருந்தாலும் அந்தியில் ஏறும். அந்திச் சூடு ஒரு கிழமை தொடர்ந்து வராமல் இருந்தால்தான் சோறு கொடுக்கலாம் என்பது டொக்டரின் கட்டளை. சோறு முந்தினால் குடல் தாங்காது. இது எனக்குத் தெரியாத காரியமா? நன்றாகத் தெரியும்.

அவர் பகிடிக்காரர். நல்லம்மை கல்லடியில் ஒரு உறவுக்காரி வீட்டில் தங்கி நாள்தோறும் வந்து பார்த்துப் போவாள்.

“தம்பி, எங்கட வட்டையில அறுப்பு முடியக்குள்ள என்னய விட்டிருவீங்களா? இல்லாட்டி இவள் வேற ஆளப் பாத்திருவாள்.”

“பாத்தா என்ன? அந்தாளாவது பார்லித் தண்ணிக்கு மூஞ்சியச் சுழிக்காம இருக்கும்” என்பாள் அவள், அவருடைய வாயைத் துடைத்தபடி.

காலைச் சூடு சரியாக வந்த நாள் தொட்டு அவருடைய அந்திப் புள்ளியையும் நான் சரியாகவே போட்டு வந்தேன். நாலாம் நாள் நான் புறப்படும்போது அவர் கூப்பிட்டார்.

“தம்பி, அந்திப்பட்டா உடம்பு காந்துது. ஒருக்காத் தொட்டுப் பாருங்களன்.”

என் ஒரு கால் பின்கதவுக்கு வெளியே இருந்தது. “வெக்கை அண்ணன். எல்லாருக்கும் அப்பிடித்தான்” என்றேன்.

நாலு அடி நடந்தால் அவருடைய நெற்றி. ஏன் நான் தொடவில்லை? தொட்டால் தெரிந்துவிடும். தெரிந்தால் முந்திய மூன்று புள்ளிகளும் பொய்யென்று ஆகும். மறதியால் செய்தேன் என்று யாராவது எனக்காகச் சொன்னால் நம்பாதீர்கள். அந்த ஒரு கணம் நான் முழு அறிவோடு நின்றேன்.

ஏழு நாள் ஆயிற்று. டொக்டர் அட்டையைக் கையில் எடுத்தார். “காய்ச்சல் போயிற்று. இனிக் குழைஞ்ச சோறு குடுக்கலாம்.” நான் பக்கத்தில் மருந்துத் தட்டோடு நின்றேன். ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்... வேலை போயிருக்கும், அவ்வளவுதான்.

சாமித்தம்பி அண்ணன் சிரித்தார். “சோத்துக்கு ஒரு மணலை ஆணம் இருந்தா எப்பிடி இருக்கும்! தம்பி வாவிக்குப் போறவர்தானே.”

அன்றைக்கும் போனேன். கிடைத்ததில் நல்லதாக இரண்டு மீனை நல்லம்மையிடம் கொடுத்தேன். மறுநாள் மத்தியானம் அவள் அந்த மீனில் ஆணம் காய்ச்சிக் கொண்டுவந்து, முள் எடுத்து, சோற்றில் பிசைந்து ஊட்டினாள். அவர் கண்ணை மூடிக்கொண்டு தின்றார். அந்த முகத்தை நான் இன்னும் பார்க்கிறேன்.

அதற்கடுத்த நாள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு கத்தினார். வயிறு பலகைபோல இறுகிவிட்டது. மறுநாள் மத்தியானத்துக்கு முன் எல்லாம் முடிந்தது. “சில பேருக்கு இப்பிடியும் நடக்கும்” என்றார் டொக்டர், அட்டையைத் திரும்பவும் பார்த்து. நான் சுவரில் சாய்ந்து அழுதேன். அதைக் கண்ட நல்லம்மை, தன் புருஷன் செத்த அந்த நேரத்திலும், எனக்கு ஆறுதல் சொன்னாள்.

அந்த நோயில் எத்தனையோ பேர் செத்தார்கள், இவரும் எப்படியும் செத்திருப்பார் என்று எனக்கு நானே சொல்லிப் பார்த்தேன். இருக்கலாம். ஆனால் அதை அறிவதற்கிருந்த ஒரே வழியை நான்தான் அடைத்தேன்.

அடுத்த அறுப்புக்கு அவள் புது அரிசியோடு நம் வீட்டுக்கு வந்தாள். வாவியை ஓடத்தில் கடந்து, வண்டி பிடித்து வந்தாள். கூடப் பிறந்தவன்போல நான் அவரைக் கவனித்தேன் என்றாள். அன்றிலிருந்து ஒரு வருஷமும் தவறவில்லை. யுத்தக் காலத்தில் கூப்பன் அரிசிக்கு ஊரெல்லாம் வரிசையில் நின்றபோது நீங்கள் வயிறு நிறையச் சோறு தின்றீர்களே, அது யார் வீட்டு நெல் என்று இப்போது விளங்குகிறதா?

வீட்டு வளவில் கவிழ்ந்து கிடக்கும் தோணியின் கீழ் கோழி முட்டையிடுகிறது. “அப்பா ஏன் வாவிக்குப் போறதில்ல?” என்று கேட்பீர்கள். முதுகு நோவு என்பேன். அதுவும் பொய்.

நேற்று அவள் வந்தாள். சின்னவன் அவள் மடியில் ஏறி இருந்தான். இந்த முறை சொல்லிவிடுவது என்று மத்தியானச் சாப்பாட்டுக்கு நானும் எதிரே உட்கார்ந்தேன். அக்கா என்று வாயைத் திறந்தேன். அதற்குள் அவளே சொன்னாள்:

“அவர் கடைசியா ருசிச்சுத் திண்டது நீங்க தந்த மீன்தானே தம்பி. அத நினைச்சாத்தான் எனக்கு மனம் ஆறும்.”

அந்த ஆறுதலை உடைப்பதா? அல்லது அதையும் ஒரு சாட்டாக எடுத்துக்கொண்டு நான் ஒளிகிறேனா? எனக்கே தெரியவில்லை...

“என்ன தம்பி, சொல்ல வந்தீங்க?” என்று கேட்டாள்.

“ஒண்டுமில்ல அக்கா” என்றேன்.

அவள் மூத்தவளைக் கூப்பிட்டு, “அப்பாக்கு இன்னுங் கொஞ்சம் சோறு போடு மகள், புது அரிசிதானே” என்றாள். நீ போட்டாய், மகளே. நான் குனிந்தபடி தின்றேன்.