வீட்டுக்குப் பின்னால் நிற்கும் பாசஞ்சர்

நெய்வேலி ஸ்டேஷனுக்குக் கொஞ்சம் முன்னால், சிவப்பு சிக்னலில் எங்கள் பாசஞ்சர் நிற்கிறது. நிலக்கரி ஏற்றிய கூட்ஸ் முதலில் போகவேண்டுமாம். பெட்டி முழுக்க முணுமுணுப்பு. எதிர் சீட்டு அம்மா மட்டும் அரிசி மூட்டையோடு சந்தோஷமாக எழுந்து, ஜன்னலுக்கு வெளியே வேலிக்குள் தெரியும் வீட்டைக் காட்டுகிறார்.

"எங்க வூடு இதாங்க. வண்டி எப்பவும் இங்கதான் நிக்கும், எறங்கிக்குவேன்."

தண்டவாளத்தை ஒட்டிச் செம்மண் கொட்டி மேடாக்கியிருக்கிறார்கள். கூட்ஸுக்கென்றே போடும் புது லைன். "அது வந்துட்டா நம்ம வண்டி நிக்காமப் போயிடும்மா" என்று ஏதோ நல்ல சேதி சொல்வதுபோல் சொல்கிறேன்.

அவருக்குச் சுர்ரென்று வருகிறது. "அந்த லைனுக்கு முந்திரிக் கொல்லையில பாதியக் குடுத்ததே நாங்கதாங்க. நெலத்தையும் குடுத்துட்டு, ஸ்டேஷன்லேர்ந்து இதத் தூக்கிக்கினு நடந்தும் வரணுமா?"

மூட்டையை இறக்கிக் கொடுக்கிறேன்; தூக்கிக்கொண்டு வேலிக்குள் போகிறார்.

கூட்ஸ் தடதடவென்று கடந்துபோகிறது. அப்புறமும் சிக்னல் மாறவில்லை. வேலிப் படலைத் தள்ளிக்கொண்டு அந்த அம்மாவே திரும்பி வருகிறார், முறம் நிறையப் பலாச்சுளையோடு.

"இன்னுமா நின்னுக்கினு இருக்கீங்க? இந்தாங்க. புது லைனு வந்துட்டா இது கெடைக்காது."

ஜன்னல்தோறும் கைகள் நீள்கின்றன. சிக்னலை இப்போது யாரும் பார்க்கவில்லை.