பரீட்சை அறைக்குள் காட்டுப்பன்றி

கணக்கு டீச்சருக்கு நாற்பத்திரண்டு வயதில்தான் கடல் தாண்டி ஒரு தமிழ்ப் பள்ளியில் வேலை கிடைத்தது. கணவரையும் பத்தாவது படிக்கும் மகளையும் விட்டுவிட்டு, இரண்டு வருட ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டு வந்து சேர்ந்தார். பள்ளிக்கூடத்தின் பின்சுவரை ஒட்டியே காடு தொடங்குகிறது என்பதைப் பற்றி நேர்முகத் தேர்வில் யாரும் மூச்சுவிடவில்லை.

வந்த மூன்றாம் நாள், ஆசிரியைகள் கழிப்பறையில் வாளிக்குப் பின்னால் பாம்பு ஒன்று சுருண்டு கிடந்தது. அலறியடித்து ஓடிவந்தவரிடம் காவலாளி சாவகாசமாகச் சொன்னார்: "அது உங்களைத் தேடி வரல டீச்சர். எலியைத் தேடி வந்திருக்கு."

அந்த ஆறுதல் எடுபடவில்லை. அன்றிலிருந்து தட்டிப் பார்க்காமல் செருப்பை மாட்டுவதில்லை. ஃபேன் கிறீச்சிட்டால்கூட சாக்பீஸ் பாதியில் நின்றுவிடும். ஆனால் போனில் கணவர் விசேஷம் கேட்டால், "இங்க என்ன விசேஷம், வெயில்தான்" என்று மழுப்பிவிடுவார்.

அரையாண்டுப் பரீட்சையன்று எட்டாம் வகுப்பில் மேற்பார்வை. கடைசி அரைமணி நேரம். தாழ்ப்பாள் உடைந்திருந்த பின்கதவைத் தள்ளிக்கொண்டு இரண்டு குட்டிகள் ஓடிவந்தன. பின்னாலேயே தாய்க் காட்டுப்பன்றி.

"எல்லாரும் பெஞ்சு மேல ஏறுங்க! யாரும் கத்தாதீங்க!"

சொன்னவரும் ஏறிவிட்டார். ஒரு குட்டி மட்டும் மேசைக்கால் கம்பிகளுக்கு நடுவில் சிக்கிக்கொண்டு வீறிட்டது. தாய் உறுமியபடி அந்த மேசையையே முட்டத் தொடங்கியது. அதன் மேலே மூன்று மாணவிகள், ஒருத்தியை ஒருத்தி இறுகப் பிடித்தபடி.

 டீச்சர் பெஞ்சு பெஞ்சாகத் தாண்டிப் போய், மூவரையும் ஒவ்வொருத்தியாகத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். பிறகு அந்த மேசையைக் காலால் ஓங்கி உதைத்தார். மேசை கவிழ்ந்தது; குட்டி விடுபட்டது. தாய் ஒரு கணம் அவரை ஏறிட்டுப் பார்த்தது. அப்புறம் குட்டிகளோடு வந்த வழியே போய்விட்டது.

"டீச்சர், என் பேப்பரை அது மிதிச்சிடுச்சு" என்றாள் ஒருத்தி.

வகுப்பே சிரித்தது. டீச்சரால் சிரிக்க முடியவில்லை. பத்து நிமிடம் கூடுதலாகக் கொடுத்துவிட்டு, பின்கதவுக்கு ஒரு மேசையை முட்டுக் கொடுத்தார்.

ஜன்னல் வழியே யாரோ எடுத்த போட்டோ, வாட்ஸ்அப்பில் சுற்றி மாலைக்குள் ஊரில் வீட்டுக்கே போய்விட்டது. மகள் போனில் பிடிபிடியென்று பிடித்துக்கொண்டாள்: "அம்மா, இதுதான் நீ சொன்ன வெயிலா?"

கணவர் போனை வாங்கினார். "போதும். கிளம்பி வா."

மறுநாள் ராஜினாமா கடிதத்தோடு தலைமையாசிரியர் முன் நின்றார். அவர் கண்ணாடியைக் கழற்றினார். "கணக்குக்கு வேற ஆளே இல்லம்மா. பிள்ளைங்க உங்களைத்தான் நம்பி இருக்காங்க."

மிதிபட்ட பேப்பர்க்காரி நினைவுக்கு வந்தாள். "முதல்ல அந்தக் கதவுக்குத் தாழ்ப்பாள் போடுங்க சார். மத்ததை அப்புறம் பேசலாம்."

மதியமே தச்சர் வந்தார். டீச்சர் கடிதத்தைக் கிழிக்கவில்லை. கைப்பையில் வைத்துக்கொண்டே இரண்டு வருடத்தையும் ஓட்டினார். பயம் தெளியவே இல்லை. கதவுக்கு முதுகைக் காட்டாமல் பக்கவாட்டில் நின்று எழுதியதில் பலகையில் எண்களெல்லாம் சாய்ந்தே விழுந்தன. அதைப் பார்த்துப் பார்த்து, எட்டாம் வகுப்பு முழுக்கச் சாய்த்தே எழுதப் பழகிவிட்டது.