கொலைகாரன் யாரென்று சொன்ன குரல்

சிரிப்பதானால் இப்போதே சிரித்துவிடுங்கள். நடுவில் சிரித்தால் எனக்குக் கோபம் வரும், பாதியில் எழுந்து போய்விடுவேன். பேய், பிசாசு, காத்து, கருப்பு எதையும் நம்பாதவள் நான். எங்கள் தோட்டத்து லைன் வீடுகளில் யாருக்காவது காய்ச்சல் என்றால் மந்திரிக்க ஓடுவார்கள், நான் மாத்திரை வாங்க ஓடுவேன். அப்படிப்பட்ட ஆள் சொல்கிறேன் என்பதை மட்டும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

பேய்க் கதை என்றாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும். பேய்க்கு ஒரு சட்டம் கிடையாது. சுவர் வழியாகப் போகும், அடுத்த நிமிஷம் கதவைத் தட்டும். சுவர் வழியாகப் போகிறது கதவை எதற்குத் தட்ட வேண்டும்? கேட்டால் ஒருத்தரிடமும் பதில் இல்லை. ஜாம்பிக் கதை அப்படியா? கடிபட்டால் மாறுவான், மண்டையில் அடித்தால் விழுவான், சத்தம் கேட்டால் வருவான். தீர்ந்தது. அதில் உயிரோடு இருக்கிற ஆட்கள் செய்கிற கூத்துதான் வயிற்றெரிச்சல். வெளியே ஊரே செத்து நடக்கிறது, உள்ளே இரண்டு பேர் யார் தலைவன் என்று சட்டையைப் பிடித்துக்கொண்டு நிற்பார்கள். ஒருத்தன் கடிபட்டதை முழுக்கைச் சட்டைக்குள் மறைத்துக்கொண்டு எல்லாரோடும் படுத்துத் தூங்குவான். அவனைக் கண்டால் கதை பார்க்கிற போனை அடுப்பில் போட்டுவிடலாமா என்றிருக்கும்.

கொலைக் கதையும் எனக்கு உயிர். அதிலும் குறை உண்டு. எடுத்த எடுப்பில் ஒரு பெண்ணைக் கொன்று போடுவார்கள், கதை முடிவதற்குள் அவள் பேர்கூட யாருக்கும் ஞாபகம் இருக்காது. கடைசியில் கொலைகாரன் போலீஸ் முன்னால் நின்று பிரசங்கம் செய்வான். இருந்தாலும் ஒரு நியாயம் இருக்கிறது. செத்தவள் ஒருத்தி என்றால் கொன்றவன் ஒருத்தன், அதற்கு ஒரு காரணம், அது கடைசியில் தெரிந்துவிடும். எனக்கு நடந்ததில் அந்த நியாயம்கூட இல்லை. அதனால்தான் இன்றைக்கும் ஆத்திரம் அடங்கவில்லை.

ஜெயந்தி என் கொழுந்தன் மனைவி, எனக்கு ஓரகத்தி. என்னைவிட வயதில் ரொம்பச் சின்னவள். எங்கள் வீட்டு ஆண்கள் இரண்டு பேரும் திருப்பூரில் பனியன் கம்பெனியில் வேலை, நினைத்தபோது வருவார்கள். கோத்தகிரி மலையில் கட்டபெட்டுப் பக்கம், சிலோனிலிருந்து திரும்பி வந்த குடும்பங்கள் இருக்கிற லைனில், நானும் அவளும் ஒரே வீட்டில். பகலெல்லாம் தேயிலைக் கொழுந்து எடுப்போம், பொழுது சாய்ந்தால் அடுப்பு ஓரம் கம்பளிக்குள் உட்கார்ந்து என் போனில் கதை பார்ப்போம். அவளிடம் இருப்பது பட்டன் போன். ஜாம்பி வந்தால் என்ன செய்ய வேண்டும் என்று நான் அவளுக்குப் பாடம் எடுப்பேன். வாயை மூடிக்கொண்டு ஒரே இடத்தில் உட்கார், தெரிந்த குரல் கூப்பிட்டாலும் பதில் கொடுக்காதே என்பேன். அவள் சிரிப்பாள். அவளுக்குக் கொலைக் கதைதான் பிடிக்கும், அதிலும் யார் கொலைகாரன் என்று பாதியிலேயே உளறிவைப்பாள். அது சரியாகவும் இருந்து தொலைக்கும். எத்தனை சண்டை அதற்கு! அவளை நான் திட்டாத நாள் கிடையாது. அந்த வீட்டில் எனக்கு அவளை விட்டால் துணை இல்லை, அவள் மேல் எனக்கு உயிர். ஆனால் இதை அவளிடம் நான் வாய் திறந்து சொன்னதில்லை.

அது நடந்ததற்கு முந்தின நாளும், ஒரு வாரமாகப் பார்த்து வந்த ஒரு கதையைப் பார்த்துக்கொண்டிருந்தோம். மலை மேல் ஒரு ஹோட்டல், வரிசையாகக் கொலை, சமையல்காரன், டாக்டர், வாட்ச்மேன் என்று நாலைந்து பேர் மேல் சந்தேகம். சார்ஜ் போய்விட்டது. பாதியில் நின்றது.

மறுநாள் ஒரு தோட்டத்தில் கொழுந்து. மதியச் சாப்பாடு முடிந்து கொஞ்ச நேரத்தில் மிஸ்ட் இறங்கிவிட்டது. உங்களுக்கு மூடுபனி என்றால் படம் பிடிக்கிற விஷயம். எங்களுக்குப் பக்கத்துச் செடிக்குப் பின்னால் காட்டெருமை நின்றாலும் தெரியாது. அதனால் மிஸ்ட் இறங்கினால் வேலையை நிறுத்திவிட்டு இறங்க வேண்டும். மேஸ்திரி மாரியப்பன் ரோட்டில் ஜீப் பக்கத்தில் நின்று ஒவ்வொரு பேராகக் கூப்பிடுவார். கூப்பிட்டவள் 'வந்தாச்சு' என்று குரல் கொடுத்தால் கணக்குச் சரி. முகத்தை யாரும் பார்ப்பதில்லை. எல்லாரும் தலையோடு பிளாஸ்டிக் போர்த்தியிருப்போம், பார்த்தாலும் யார் என்று தெரியாது. குரல்தான் ஆள். எங்கள் பக்கத்தில் எல்லாத் தோட்டத்திலும் இதுதான் வழக்கம், ஒருநாளும் தப்பினதில்லை.

நான் கூடையோடு இறங்கிக்கொண்டிருந்தேன். ஜெயந்தி எனக்குப் பின்னால் வந்தாள். வந்தாள் என்றுதான் நினைத்தேன். பின்னால் செடி உரசுகிற சத்தம், அவள் மூச்சு, அவள் இருமல் எல்லாம் கேட்டது. வழுக்கும், பார்த்து வா என்றேன், சரிக்கா என்றாள். கொஞ்ச தூரம் வந்ததும் நான் திரும்பிப் பார்க்கலாம் என்று நின்றேன். நிஜமாகவே திரும்பப் போனேன். அப்போதுதான் பின்னாலிருந்து அவள் சொன்னாள்.

"அக்கா, அந்த ஓட்டல் கதையிலே கொன்னது யாரு தெரியுமா? அந்த டாக்டருதான்."

எனக்கு வந்ததே கோபம்! ஒரு வாரமாக ஆசை ஆசையாகப் பார்த்த கதை. நாயே, உன் வாயில் கொள்ளிக்கட்டையை வைக்க, இனிமேல் உனக்குப் போனும் கிடையாது கதையும் கிடையாது என்று கத்திவிட்டு விறுவிறுவென்று இறங்கினேன். திரும்பிப் பார்க்கவில்லை. பின்னால் அவள் சிரிக்கிற சத்தம் கேட்டது. எப்போதும் ஜீப்பில் பின்னால் அவள் பக்கத்தில்தான் உட்காருவேன், அன்றைக்கு அவள் முகத்தில் முழிக்கப் பிடிக்காமல் முன்னால் டிரைவர் பக்கத்தில் ஏறிக்கொண்டேன். மேஸ்திரி பேர் கூப்பிட்டார். ஜெயந்தி என்றதும் பின்னால் தார்ப்பாயிக்குள்ளிருந்து 'வந்தாச்சு' என்று குரல் வந்தது. நான் கேட்டேன், டிரைவர் கேட்டான், எல்லாரும் கேட்டார்கள். ஜீப் கிளம்பியது.

லைனில் போய் இறங்கினால் ஜெயந்தி இல்லை.

மேஸ்திரியைப் பிடித்துக்கொண்டேன். ஆளை விட்டுவிட்டு வந்துவிட்டு மீசையை முறுக்குகிறாயா என்று லைன் முழுக்கக் கேட்கக் கத்தினேன். பாவம், அவர் முகம் வெளுத்துவிட்டது. "நானென்ன பொய்யா சொல்றேன்? அவளே வந்தாச்சுன்னு சொன்னா, நீயும்தானே கேட்டே?" என்றார். நானும் கேட்டதுதான். அதனாலேயே இன்னும் கத்தினேன்.

அதே ஜீப்பில் டார்ச் எடுத்துக்கொண்டு திரும்பிப் போனோம். பொழுது இன்னும் இருந்தது, ஆனால் மிஸ்ட் விலகவில்லை. வரிசை வரிசையாக நடந்து பேர் சொல்லிக் கூப்பிட்டோம். பதிலே இல்லை. தண்ணீர் ஓட வெட்டிவிட்ட கான் எத்தனையோ இருக்கிறது, எதில் விழுந்தாளோ, சிறுத்தை இழுத்துப் போனதோ என்று நினைப்பு ஓடியது. ஜெயந்தி, கண்ணு, எங்கே இருக்கே, அக்கா வந்திருக்கேன் என்று கெஞ்சினேன். அவளை நான் கண்ணு என்று கூப்பிட்டது அன்றைக்குத்தான் முதல் தடவை. பதில் இல்லை. மேஸ்திரி ஃபாரஸ்ட்காரர்களுக்குச் சொல்லலாம் என்றார். அங்கே சிக்னலும் கிடையாது. கீழே போய்ச் சொல்லிவிட்டு வருவதற்குள் இருட்டிவிடும்.

அப்போது எனக்கு எங்கிருந்து அப்படி ஒரு வெறி வந்ததோ தெரியாது. மிஸ்டைப் பார்த்துத் திட்ட ஆரம்பித்தேன். அவளை, அவளைப் பெற்றவளை, அவளைக் கட்டிக்கொண்டு வந்து என் தலையில் போட்ட கொழுந்தனை, உங்கள் முன்னால் சொல்ல முடியாத வார்த்தை எல்லாம் சொல்லித் திட்டினேன். தொண்டை கிழிந்தது.

"இங்கே இருக்கேன்க்கா" என்று குரல் வந்தது. பக்கத்தில், நாங்கள் இரண்டு தடவை கடந்து போன கானுக்குள்ளிருந்து.

கால் முறிந்து, குத்துக்காலிட முடியாமல் சரிந்து உட்கார்ந்திருந்தாள். இரண்டு கையாலும் வாயைப் பொத்தியிருந்த அடையாளம் கன்னத்தில் பதிந்திருந்தது. ஏன்டி பதில் கொடுக்கலே என்று கேட்டேன். அவள் என்னைக் கட்டிக்கொண்டு அழுதாள்.

கோத்தகிரி ஆஸ்பத்திரியில் மாவுக்கட்டு போட்ட பிறகுதான் சொன்னாள். மிஸ்ட் இறங்கின உடனேயே கானில் விழுந்துவிட்டாளாம். அதாவது எனக்குப் பின்னால் அவள் வரவே இல்லை. கத்தப் போகும்போது நான் வந்து பக்கத்தில் உட்கார்ந்தேனாம். மிஸ்டில் முகம் தெரியவில்லை, குரல் என்னுடையது. சத்தம் போடாதே கண்ணு, சத்தம் கேட்டால் அதுகள் வந்துவிடும், நம்ம ஆட்கள் குரலில்தான் கூப்பிடும், நீ பதில் கொடுக்காதே, நான் இருக்கேன் என்று சொல்லித் தலையைத் தடவினேனாம். நாங்கள் கூப்பிட்டது எல்லாம் அவளுக்குக் கேட்டிருக்கிறது. நான் கெஞ்சினதும் கேட்டிருக்கிறது. கண்ணு என்று இரண்டு பக்கமும் ஒரே குரல். அவள் பக்கத்தில் இருந்ததை நம்பினாள். நான் கெட்ட வார்த்தையில் இறங்கின பிறகுதான் பக்கத்தில் இருந்தது பேச்சை நிறுத்தியதாம். திரும்பிப் பார்த்தால் ஆள் இல்லை.

விழுந்த அதிர்ச்சியில் உளறுகிறாள் என்றார்கள். சரி, அப்படியே இருக்கட்டும். நான் சும்மா விடுகிற ஆளா? கதையில் வருகிற இன்ஸ்பெக்டர் மாதிரி ஜீப்பில் வந்த ஒவ்வொருத்தியையும் நிறுத்திக் கேட்டேன். ஜெயந்தி குரலில் பேசினது யார், இப்போதே சொல்லிவிடு என்றேன். குரல் தன் பக்கத்திலிருந்துதான் வந்தது என்று ஒவ்வொருத்தியும் சொன்னாள். இந்த மூலையில் இருந்தவளும் அதையே சொன்னாள், அந்த மூலையில் இருந்தவளும் அதையே சொன்னாள். ஒருத்தி பொய் சொன்னால் கண்டுபிடிக்கலாம். எல்லாரும் சத்தியம் செய்தால் என்ன செய்வது?

கட்டுப்போட்ட காலோடு ஜெயந்தி படுத்திருந்தபோது அந்த ஓட்டல் கதையின் மீதியைப் பார்த்தோம். நீங்கள் நம்பினாலும் சரி, நம்பாவிட்டாலும் சரி, டாக்டர்தான் கொலைகாரன். ஜெயந்தி வாயைப் பிளந்தாள், அவள் வாட்ச்மேன் என்று நினைத்திருந்தாளாம். அந்தப் போன் என் இடுப்பை விட்டு இறங்கினதில்லை, அவள் முன்னாடியே பார்த்திருக்க வழியே கிடையாது. என்ன சொன்னால் நான் திரும்பிப் பார்க்காமல் போவேன் என்று அதற்குத் தெரிந்திருக்கிறது. என் கோபத்தை வைத்தே என்னை ஓட்டிவிட்டிருக்கிறது. அதை நினைத்தால்தான் எனக்கு இன்றைக்கும் உடம்பு எரிகிறது.

அவள் கால் சரியாகி வந்த புதிதில் இனிமேல் இவளைத் திட்டக்கூடாது என்று நினைத்துக்கொண்டேன். ஒருநாள் காலையில் பக்கத்தில் உட்கார்ந்து, கண்ணு, காபி குடி என்றேன். டம்ளரைத் தட்டிவிட்டாள். சுவர் ஓரம் நகர்ந்து போய் வாயைப் பொத்திக்கொண்டாள். அவளைத் தெளியவைக்க எவ்வளவோ பட வேண்டியிருந்தது.

"அப்படிப் பேசாதேக்கா. நீ திட்டு. திட்டினாத்தான் நீன்னு தெரியுது" என்றாள்.

அதனால் திட்டுகிறேன். தினமும் திட்டுகிறேன். ஓரகத்தியைப் போட்டு வதைக்கிறாள் என்று லைனில் பேசிக்கொள்கிறார்கள், பேசட்டும்.

போன வாரம் சாயங்காலம் நான் அடுப்பில் இருந்தேன். வெளியே பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தவள் பின்கதவு வழியாக உள்ளே வந்து நின்றாள். கையில் சோப்பு நுரை அப்படியே இருந்தது. "திட்டுக்கா" என்றாள். நான் காரணம் கேட்கவில்லை. சோறு குழைந்ததற்கு, சோப்பு கரைந்ததற்கு, அவள் பிறந்ததற்கு என்று மூச்சு விடாமல் திட்டினேன். அவள் மெதுவாக உட்கார்ந்தாள். பிறகுதான் சொன்னாள், வீட்டுக்குப் பின்னால் தேயிலைச் செடிப் பக்கத்திலிருந்து நான் வந்து, குளிருது கண்ணு, நீ உள்ளே போ, நானே கழுவிக்கிறேன் என்று சொன்னேனாம்.

எழுந்துபோய்ப் பின்கதவைத் தாழ் போட்டேன். பாத்திரம் கிடந்தால் கிடக்கட்டும் என்று விட்டுவிட்டோம்.

விடிந்து கதவைத் திறந்தேன். அத்தனை பாத்திரமும் கழுவிக் கவிழ்த்து வைத்திருந்தது. பக்கத்து வீடுகளில் கேட்டேன், யாரும் தொடவில்லை. எல்லாவற்றையும் எடுத்துத் திரும்பவும் சாம்பல் போட்டுத் தேய்த்தேன். ஏன்க்கா கழுவினதையே தேய்க்கிறே என்று ஜெயந்தி கேட்டாள். கோபம்டி என்றேன்.