ஆமத்தூர்க் கடையின் பூட்டு

"கடை பூட்டிக் கிடக்கு. பணம் காலி, தொழிலும் காலி. தோத்துப் போச்சுன்னு எழுதிடுங்க" என்றார் சென்னையிலிருந்து ஆய்வுக்கு வந்த எங்கள் மேனேஜர். ஆமத்தூரில் முத்துமாரியின் இட்லிக் கடை முன்னால் நின்றுகொண்டிருந்தோம்.

நான் அந்தத் தொண்டு நிறுவனத்தின் களப்பணியாளன். பட்டாசுக் கம்பெனியில் வேலை பார்த்த முத்துமாரிக்கு, திருப்பித் தர வேண்டாத பணம் வாங்கிக் கொடுத்துக் கடை வைக்கச் சொன்னவன் நான்தான். இந்தக் கடை தோற்றது என்று எழுதினால், மல்லாங்கிணற்றில் காத்திருக்கும் பெண்களுக்கு அந்த உதவி கிடைக்காது. எனக்குக் கோபம் தலைக்கேறியது. தீபாவளி முடிந்தால் இந்தப் பக்கம் கம்பெனிகள் எல்லாம் மூடிக் கிடக்கும். அந்த நேரம் பார்த்து வராதீர்கள் என்று முதலிலேயே சொல்லியிருந்தேன்; கேட்டால்தானே?

பக்கத்து வீட்டில் விசாரித்தேன். இருக்கன்குடிக் கோயிலுக்குப் போயிருக்கிறாள் என்றார்கள். "சாமி கும்பிடவா?" என்று மேனேஜர் சிரித்தார். வண்டியை அங்கே விடச் சொன்னேன்.

கோயிலுக்குப் போகும் வழியில், ஒரு பந்தலுக்கு அடியில் அதே அடுப்பு, அதே இட்லிக் கொப்பரை. பக்தர்களுக்குப் பரிமாறிக்கொண்டிருந்தாள் முத்துமாரி.

"வாங்க அண்ணாச்சி, சாப்பிட்டீகளா?" என்று எங்கள் இருவருக்கும் தட்டை நீட்டினாள்.

மேனேஜர் தட்டை வாங்கிக்கொண்டே, "நாங்க ஆமத்தூர்க் கடைக்குத்தானேம்மா பணம் கொடுத்தோம்?" என்றார்.

"கடைக்கா குடுத்தீக? எனக்குல்ல குடுத்தீக" என்றாள். பரிமாறுவதை நிறுத்தவில்லை. "கம்பெனி பூட்டிட்டா அங்கன யாரு திங்க வருவா? ஆளு இருக்க எடத்துக்கு அடுப்பத் தூக்கிட்டு வந்துட்டேன். முன்னெல்லாம் இந்த நேரத்துல கம்பெனி போர்மேன் வாசல்ல போயி அட்வான்ஸ் கேட்டு நிப்பேன். வாங்கிட்டா அடுத்த சீசன் முச்சூடும் அவரு சொன்னதுதான். இப்ப அவரே வீட்டுக்கு வந்து அடுத்த சீசன் வேலைக்குக் கூப்புடுறாரு. வரலைன்னுட்டேன். அத எழுதுங்க சார்."

திரும்பும் வழியில், "இருந்தாலும் கடை மூடியிருக்குன்னுதானே போடணும்" என்று முனகினார் மேனேஜர்.

"போட்டுக்கோங்க. என் கையெழுத்து அதுல இருக்காது. ஏன் இல்லைன்னு மேலிடத்துக்கு நானே சொல்லுவேன்" என்றேன். அவள் இட்லியைத் தின்ற மேனேஜர், 'கடை இடம் மாறியிருக்கிறது, தொழில் நடக்கிறது' என்று எழுதி என்னிடம் கையெழுத்துக்கு நீட்டினார். பொங்கலுக்கு முன்பே மல்லாங்கிணற்றுப் பெண்களுக்குப் பணம் போய்ச் சேர்ந்தது.

இந்த வேலைக்குப் புதிதாக வருகிறவர்களுக்கு நான் சொல்ல இருப்பது இதுதான். கொடுத்த பணம் என்ன ஆனது என்று பார்க்கப் போனால், கடையைத் தேடாதீர்கள், வாங்கியவரைத் தேடுங்கள். அவர் இப்போது யார் வாசலில் நிற்கிறார் என்று பாருங்கள். முத்துமாரி யார் வாசலிலும் நிற்கவில்லை.