வளைவுக்கு வளைவு ஹாரன்

வளைவு வந்ததும் செல்லசாமியின் கட்டைவிரல் ஹாரன் பட்டனைத் தேடுகிறது. டிவியில் ஓடும் குட்டிக் கார்ப் பந்தய கேமில் அப்படியொரு பட்டனே கிடையாது. "ஹாரன் இல்லாம என்னத்த வண்டி செஞ்சிருக்கானுங்க" என்று முனகியபடி வேகத்தைக் குறைக்கிறார். பின்னால் வந்த வண்டிகளெல்லாம் அவரைக் கடந்து பறக்கின்றன.

நோர்வூட்டுக்கு மேலே எங்கள் தேயிலைத் தோட்டத்துப் பாதையில் பகலெல்லாம் த்ரீவீல் ஓட்டுகிறவர். சாயங்காலம் லயத்து வீட்டுக்கு வந்து முகம் கழுவிக்கொண்டு மறுபடியும் ஓட்ட உட்கார்ந்துவிடுவார். பந்தயம் என்றும் பார்க்காமல் பின்னால் வருகிறவருக்கு ஒதுங்கி வழி விடுவார். பக்கத்துக் காம்பிரா வீட்டுக்காரன் நானே அவரை ஜெயித்திருக்கிறேன் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்.

மகள் சர்மிளா லைசன் எடுத்துப் பல மாதம் ஆகிறது. த்ரீவீல் சாவிதான் கைக்கு வரவில்லை. "நீ வளைவுல பறக்குறவ புள்ள. பள்ளம் பாத்துக்கிட்டு இருக்கு" என்பார். அவளும் விடவில்லை. அந்தக் கேமுக்குப் புதிதாக வந்த பாதைகளை வாங்கினாள். லயத்தில் சிக்னல் இல்லாததால் கேம் பெட்டியைத் தண்ணீர்த் தாங்கியடிக்குத் தூக்கிப்போய், மோட்டார் பிளக்கில் செருகி, பனிக்குத் துவாய் போர்த்தி, டவுன்லோட் செய்துகொண்டு வந்தாள்.

"புதுப் பாதை ரெண்டு பேருக்கும் புதுசு. நான் ஜெயிச்சா சாவி எனக்குப்பா."

அவர் நம்பிக்கையோடுதான் உட்கார்ந்தார். வந்ததோ மலைப்பாதை. மூடுபனி, இறக்கம், கொண்டையூசி வளைவுகள். மற்ற வண்டிகள் உருண்டு விழ, சர்மிளா பின்தங்க, செல்லசாமி வாழ்க்கையில் முதன்முறையாக முன்னால் போனார். எனக்கே பெருமையாக இருந்தது.

கடைசி வளைவில் ஒரு கல் நின்றது, அதன் முன்னால் விளக்கு. நம் பாதையில் முனியாண்டி இருக்கிற மாதிரியே. செல்லசாமி ரிமோட்டிலிருந்து கையை எடுத்து நெஞ்சைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். வண்டி நேரே பள்ளத்தில் இறங்கியது. சர்மிளா ஜெயித்தாள்.

நான் வயிறு வலிக்கச் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை. "சாமியக் கண்டுட்டு எப்புடிக் கும்பிடாமப் போறது?" என்றபடி சாவியை நீட்டினார். முகத்தில் தோற்ற வருத்தம் இல்லை, பயம்தான் இருந்தது.

மறுநாள் காலை அவள் ஓட்ட, நாங்கள் இருவரும் பின்சீட்டில். முனியாண்டி வளைவு நெருங்கியதும் முன்கம்பியில் அவர் பிடி இறுகியது. நானும் எதையோ பிடித்துக்கொண்டேன்.

சர்மிளா வேகத்தைக் குறைத்தாள். ஹாரன் அடித்தாள். கல்லுக்கு முன்னால் வண்டியை நிறுத்தி, நெஞ்சைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள்.

செல்லசாமி அப்போதுதான் கம்பியை விட்டுக் கைகூப்பினார்.