யாரையும் கொல்லாத எமன்

என் அக்காவின் கணவரை ஊரிலுள்ள டிரைவிங் ஸ்கூல்காரர்கள் எமன் என்றுதான் சொல்வார்கள். லைசன்ஸ் டெஸ்ட் எடுக்கிற அதிகாரி அவர். மேட்டில் நிறுத்திய வண்டி ஒரு சாண் பின்னால் சரிந்தால் போதும், முகத்தில் ஒரு சலனமும் இல்லாமல், "தோல்வி. மறுபடி விண்ணப்பிக்கலாம்" என்பார். அழுதாலும் அதே குரல்தான், சிபாரிசோடு வந்தாலும் அதே குரல்தான். மச்சினன் என்றுகூடப் பார்க்காமல் என்னையே மூன்று தடவை ஃபெயிலாக்கிய புண்ணியவான். நான் இன்னும் பஸ்ஸில்தான் போய்க்கொண்டிருக்கிறேன்.

அப்பேர்ப்பட்டவர் ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் ஆனால் ஆளே மாறிவிடுவார். சாப்பாட்டு மேஜையைத் துடைத்து, பழைய பெட்டியிலிருந்து வெட்டிய ஓர் அட்டைத் தடுப்பை நிறுத்தி, அதன் பின்னால் உட்கார்ந்துகொள்வார். நாங்கள் ஆடுவது கதை விளையாட்டு. காடு, கோட்டை, பூதம் எல்லாம் அத்தான் பொறுப்பு. அவர் கதையைச் சொல்வார். நாங்கள் ஆளுக்கொரு பாத்திரத்தைத் தாளில் எழுதி வைத்துக்கொண்டு, கதைக்குள் புகுந்து அடிதடி செய்வோம். நான் திருடன், மேல்வீட்டுப் பல் டாக்டர் மந்திரவாதி, அக்கா கோடரி ஏந்திய வீராங்கனை. அடி விழுந்ததா, தப்பியதா என்பதை இருபது முகம் கொண்ட பகடை முடிவு செய்யும். எதிரிகளுக்கான பகடையை அத்தான் தடுப்புக்குப் பின்னால் உருட்டி, எண்ணை மட்டும் சொல்வார். பெரிய எண்ணாக விழுந்தால் நம் ஆள் செத்தே போகலாம், செத்தால் வெள்ளைத் தாளில் புது ஆளை எழுதிக்கொண்டு வரவேண்டும் என்பது விதி.

ஆனால் வருஷக்கணக்காக யாரும் சாகவே இல்லை. அக்கா எரிமலைக்குள் குதித்தாள், தலைமுடிகூடக் கருகாமல் ஏறி வந்தாள். பல் டாக்டர் ஒரு தடவை, சாகிறோமா பார்க்கலாம் என்றே பூதத்தை ஸ்பூனால் குத்தினார். பூதத்துக்குக் கை வழுக்கிவிட்டது.

"சாவே இல்லாத சண்டை என்னங்க சண்டை?" என்று டாக்டர் படியேறும்போது என்னிடம் புலம்புவார். "மரத்துப்போற ஊசி போட்டுட்டுப் பல்லைப் பிடுங்குற மாதிரி இருக்கு. பல்லுக்கு அது சரி. சண்டைக்கு ஒரு திகில் வேணாமா?"

எனக்கும் அதே எண்ணம்தான். ஆனால் அக்காவிடம் மூச்சு விட மாட்டோம். அவளுக்கு அந்த வீராங்கனை என்றால் உயிர். ஒரு கம்பெனியின் புகார் பிரிவில், முன்பின் தெரியாதவர்களிடம் நாள் முழுக்கப் போனில் திட்டு வாங்கிக்கொண்டு "மன்னிச்சிருங்க சார்" என்று சொல்கிற வேலை அவளுக்கு. வீராங்கனை யாரிடமும் மன்னிப்புக் கேட்டதில்லை. "என்னை இதுவரைக்கும் ஒருத்தனாலயும் வீழ்த்த முடியல, தெரியும்ல?" என்று பாத்திரம் கழுவும்போதுகூடச் சொல்வாள். தானே சம்பாதித்ததாக அவள் நினைத்திருந்த பெருமை அது ஒன்றுதான்.

போன மாதம் டிராகனின் குகைக்கு வந்து சேர்ந்தோம். அக்கா எங்களை ஒதுக்கிவிட்டுத் தனியாக முன்னால் போனாள். டிராகன் வாயைத் திறந்தது. பதினைந்துக்கு மேல் விழுந்தால் வீராங்கனை சாம்பல். பகடை உருண்டது. அந்த நேரம் பார்த்து அக்கா அத்தானுக்கு டீ வைக்க எழுந்து தடுப்புக்கு மேலே எட்டினாள்.

"மூணு. தப்பிச்சுட்டே," என்றார் அத்தான்.

அக்கா கோப்பையை வைக்கவில்லை. "பத்தொன்பதுல்ல கிடக்குது?"

அத்தான் பகடையைக் கையால் பொத்தினார். "கண்ணாடி இல்லாம சரியாத் தெரியல."

கண்ணாடி மூக்கின் மேல்தான் இருந்தது.

"பாலத்துல ராட்சசனை ஜெயிச்சேனே, அது?"

அத்தான் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"எரிமலை?"

"அது வந்து, கொஞ்சம் முன்னப்பின்ன..."

"எதையாவது நானா ஜெயிச்சேனா?"

அசடு வழிய உட்கார்ந்திருந்தவர் ஒருவழியாக வாயைத் திறந்தார். "இந்த வீராங்கனைக்கு முன்னாடி, முதல் ஆட்டத்துலயே உன் ஆளு செத்துச்சு, ஞாபகம் இருக்கா? ரூமைச் சாத்திக்கிட்டே. ஒரு வாரம் நான் சோபாவுல படுத்தேன்." குரல் இறங்கியது. "அது மட்டும் இல்லம்மா. நாள் பூரா எதிர்ல இருக்கிறவங்க மூஞ்சியைப் பார்த்துத் தோல்வி, தோல்வின்னு சொல்றேன். இந்த மேஜையிலயாவது எல்லாரும் பாஸாகட்டுமேன்னு நினைச்சேன்."

எனக்குப் பாவமாகிவிட்டது. மூன்று தடவை ஃபெயிலான நானே பாவப்பட்டேன் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்.

அக்கா பாவப்படவில்லை. கண் கலங்கியிருந்தது, குரல் கலங்கவில்லை. "ரோட்டுல போற எவனுக்கோ நேர்மையா டெஸ்ட் வைக்கிறீங்க. பொண்டாட்டிக்கு மட்டும் ஓசி லைசன்ஸா?"

கோப்பையை மேஜையில் வைத்துவிட்டு, அட்டைத் தடுப்பை எடுத்து, மடக்கி, குப்பைக்கூடையில் திணித்தாள். "மறுபடி உருட்டுங்க. செத்தா சாகுறேன். ஆனா என் கண் முன்னால சாகணும்."

"வேணாம்மா."

"உருட்டுங்க."

எத்தனையோ கத்துக்குட்டிகள் பக்கத்தில் தைரியமாக உட்கார்ந்து போன மனிதர் பகடையை உருட்டாமல் குலுக்கிக்கொண்டே இருந்தார். பல் டாக்டர் நாற்காலியின் நுனிக்கு வந்திருந்தார். இத்தனை வருஷத்தில் அந்த மேஜையில் எனக்குத் திகில் வந்தது அன்றைக்குத்தான். பகடை உருண்டு, டீக் கோப்பையில் முட்டி, நின்றது.

பதினெட்டு.

அத்தான் தன் ஆபீஸ் குரலை எங்கிருந்தோ தேடிப் பிடித்தார். அது பாதியில் உடைந்தது. "தோல்வி. மறுபடி... விண்ணப்பிக்கலாம்."

அக்கா எழுந்து உள்ளே போனாள். ரூம் கதவு சாத்துகிற சத்தம் கேட்டது. அத்தான் எழுந்தார். தன் நாற்காலியில் முதுகுக்கு வைத்திருந்த தலையணையை எடுத்துச் சோபாவில் போட்டு, தட்டி நேராக்கினார்.

கதவு திறந்தது. அக்கா ஒரு வெள்ளைத் தாளும் பென்சிலுமாக வந்து, மூக்கை உறிஞ்சிக்கொண்டே தன் இடத்தில் உட்கார்ந்தாள்.

"யாருக்கு இப்போ படுக்கை போடுறீங்க? வந்து உட்காருங்க. விண்ணப்பம் போடணும்."